அழுகைக்கு மட்டுமா மவுத் ஆர்கன்?

ப்ளூஸ் என்றால் கறுப்பர்களின் அழுகை. நம் இலக்கியக் கூட்டங்களில் இப்படித்தான் சொல்லி வருகிறோம். 'அது அவுக ஒப்பாரி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் வேலை மிச்சம். பாடம் சொல்லித்தரும் புத்தகங்களும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் போகின்றன. ப்ளூஸ் மவுத் ஆர்கன் கற்க வருகிறவனுக்கு முதலில் ரயில் ஓசை, அப்புறம் சுரத்தை வளைத்து ஏங்கவிடுவது, அப்புறம் பன்னிரண்டு பார் ப்ளூஸ். அதோடு சரி. ஜேம்ஸ் பிரவுன் பாட்டையோ அரீத்தா ஃபிராங்க்ளின் பாட்டையோ இதில் வாசிக்கலாமா என்று கேட்டால், 'அது வேற சங்கதி' என்பார்கள்.

வேற சங்கதி இல்லை என்பதுதான் என் வாதம். ஃபங்க், சோல் பாட்டுகளை ப்ளூஸ் மவுத் ஆர்கனில் வாசிக்கக் கற்பதில் ஓர் அரசியல் கிடக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம் என்கிற அரசியல்.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஜெர்மனியில் டிராஸிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857இல் மவுத் ஆர்கன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் 'மரைன் பாண்ட்' 1896இல் வந்தது. பத்துத் துளை, இருபது ரீடு. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ரீடு, இழுத்தால் ஒரு ரீடு. ஜெர்மன் நாட்டுப்புறப் பாட்டுக்கு வாகாகச் சுரம் அமைத்தார்கள். ஊதினால் ஸ, க, ப சேர்ந்து ஒலிக்கும். அதுதான் வீடு. இழுப்பது, வெளியே போய்விட்டுத் திரும்புவதற்கு. துணைக் கார்டு முழுசாக விழ வேண்டும் என்பதற்காகக் கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டையும் வைக்காமல் விட்டார்கள்.

மலிவான கருவி என்பதால் அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டுக் கூலிகள் கைக்கும் இது வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டையே மாற்றிப் போட்டார்கள். சி சுருதி மவுத் ஆர்கனை எடுத்து ஜி சுருதியில் வாசித்தார்கள். ஊதுவது வீடாக இருந்த இடத்தில் இழுப்பது வீடு ஆயிற்று. துளையை இழுக்கும்போது நாக்கைப் பின்வாங்கி வாய்க்குள் இடத்தை மாற்றினால் சுரம் கீழே வளைகிறது. ஒரே அறைக்குள் இருக்கிற இரண்டு ரீடும் ஒன்றையொன்று பாதிப்பதால் நடக்கிற காரியம் இது. இரண்டாம் துளையை முழுசாக வளைத்தால், விடுபட்ட ம வருகிறது. மூன்றாம் துளையை ஒரு முழுச் சுரம் வளைத்தால், விடுபட்ட த வருகிறது. செய்தவன் வைக்காத சுரத்தை வாசித்தவன் எடுத்துக்கொண்டான். ப்ளூஸ் மவுத் ஆர்கனின் தொடக்கமே இந்தக் கலகம்தான்.

இதை அழுகை என்று மட்டும் கேட்கிற காது யாருடையது? லிட்டில் வால்டர் 1952இல் வாசித்த 'ஜூக்' இந்த மரபின் நடுத்தூண். மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் வழியாகச் சாக்ஸபோன் மாதிரி ஒலிக்க வைத்தார். பாடும் குரலே இல்லாத அந்த இசைத்தட்டு கறுப்பர் சந்தைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அது ஆட்டப் பாட்டு! ஜனங்கள் சனிக்கிழமை ராத்திரி ஆடுவதற்கு வைத்தது. நடுத்தூணே ஆட்டப் பாட்டாக இருக்கும்போது மரபு முழுக்க ஒப்பாரி என்று எப்படிச் சொல்கிறார்கள்? மடி வாட்டர்ஸ் 1958இல் இங்கிலாந்துக்குப் போய் மின் கிதாரை வாசித்தபோது, அங்கிருந்த சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது மரக்கிதாரோடு வரும் ஒரு சோகமான கூலிக்காரனை. வந்தவரோ சிகாகோ நகரத்துக்காரர், கோட்டும் சூட்டும் போட்டவர்.

பத்து வருசத்துக்குள் கறுப்பு இளைஞர்கள் சோல், ஃபங்க் பக்கம் போய்விட்டார்கள். காரணம் தெருவில் இருந்தது. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', வேலை முடித்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் கேட்கிற மரியாதை. 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதைத் திருப்பிப் போட்டுப் பாடினார். கேட்கிறவள் பெண் ஆனாள். கேட்கப்படுகிறவன் புருசன் மட்டுமல்ல, மொத்த வெள்ளை நாடும்தான் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பன் என்பதில் எனக்குப் பெருமை என்று உரக்கச் சொல்லும் பாட்டை ஜேம்ஸ் பிரவுன் குழந்தைகள் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு பதிவு செய்தார்.

ஜேம்ஸ் பிரவுன் பிறந்தது 1933இல், தெற்குக் கரோலினாவில். அதே தெற்குக் கரோலினாவில் 1739இல் அடிமைகள் முரசு கொட்டிக்கொண்டு கலகம் செய்தார்கள். ஸ்டோனோ கலகம் என்பது அதன் பெயர். அடுத்த வருசமே, 1740இல், அடிமைகள் முரசையும் கொம்பையும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இருநூற்றிருபத்தைந்து வருசம் கழித்து, 1965இல், 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' வருகிறது. கிதார் உட்பட எல்லா வாத்தியத்தையும் முரசாகவே கேட்டதாகப் பிரவுன் தன்வரலாற்றில் சொல்கிறார். முரசைப் பிடுங்கிய மண்ணில் பிறந்தவன் மொத்தக் கச்சேரியையும் முரசாக்கிவிட்டான்.

ஃபங்க் வாசிக்கப் போகிற மவுத் ஆர்கன்காரர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்: கருவி பாடக் கூடாது, அடிக்க வேண்டும். ப்ளூஸ் பழகியவருக்குச் சந்து கிடைத்தால் போதும், ஒரு ஏக்கத்தை நுழைத்துவிடுவார். ஃபங்கில் அது செல்லாது. எட்டு எண்ணிக்கையில் இரண்டு இடத்தில் ஊதி ஆறு இடத்தில் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். முதல் அடி, அதைத்தான் பிரவுன் 'தி ஒன்' என்றார், அங்கே எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வெட்டி வெட்டி வாசிக்கிற துண்டுகளை எடுத்து, நாக்கால் மூச்சைத் தட்டித் தட்டிப் பழக வேண்டும். சுரத்தை வளைப்பதைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைக்கலாம்.

கருவி இதற்கு இடம் கொடுக்குமா? தாராளமாக. சி மவுத் ஆர்கனில் இரண்டிலிருந்து ஆறு வரை ஐந்து துளைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள். ஜி, பி, டி, எஃப், ஏ. ஜி நைன்த் கார்டு. பிரவுனின் கிதார்காரர் ஜிம்மி நோலன் கோழி கிளறுகிற மாதிரி கரகரவென்று தேய்த்தாரே, அந்த வகைக் கார்டு இதே நைன்த்தான். ஜெர்மன் நாட்டுப்புறப் பாட்டுக்கென்று செய்த பெட்டிக்குள் ஃபங்கின் கார்டு அப்படியே கிடக்கிறது. ஒரே சிக்கல் மூச்சு. வீடு இழுப்பதில் இருப்பதால் நுரையீரல் சீக்கிரம் நிறைந்து முட்டும். அந்த ஆறு இடத்து மவுனத்தில்தான் மூக்கு வழியாக மூச்சை வெளியே விட முடியும். மவுனம் தாளத்துக்கும் வேண்டும், உடம்புக்கும் வேண்டும்.

சோல் பாட்டுகளில் பல மைனரில் இருக்கும். பில் விதர்ஸின் 'எயின்ட் நோ சன்ஷைன்' (1971) ஏ மைனர். இதற்கு ஜி மவுத் ஆர்கனை எடுத்து, நான்காம் துளையை இழுத்து அதை வீடாக்கிக்கொள்ள வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு சேர்த்து இழுத்தால் மைனர் கார்டு தானாக விழும். விதர்ஸ் விமானத்துக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முதல் இசைத்தட்டின் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அந்தப் பாட்டிலும் துக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரக்கம் கேட்டுக் கையேந்துகிற துக்கம் இல்லை. அதில் ஏக்கத்தை இழுத்து நீட்டி வாசித்தால் பாட்டு செத்துப்போகும்.

இந்தப் பாதையை முதலில் வெட்டியவர்களில் ஒருவர் ஜூனியர் வெல்ஸ். சிறுவயதில் வாரம் முழுக்க சோடா வண்டியில் வேலை செய்து ஒன்றரை டாலர் கூலி வாங்கியிருக்கிறார். அடகுக் கடையில் மவுத் ஆர்கன் விலை இரண்டு டாலர். கடைக்காரர் அசந்த நேரம் ஒன்றரை டாலரை வைத்துவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வழக்கு நீதிமன்றம் போனது. நீதிபதி வாசித்துக் காட்டச் சொன்னார், கேட்டார், பாக்கி அரை டாலரைத் தானே கொடுத்து வழக்கை முடித்தார். இது வெல்ஸ் தானே சொன்ன கதை. அவருடைய 'ஹூடூ மேன் ப்ளூஸ்' (1965) இசைத்தட்டின் முதல் பாட்டு 'ஸ்நாட்ச் இட் பேக் அண்ட் ஹோல்ட் இட்'. பிரவுனின் வெட்டும் தாளம் அதில் வந்துவிட்டது. 1968இல் 'யூ'ர் டஃப் இனஃப்' என்று முழுசாகவே சோல் பக்கம் போனார். ப்ளூஸ் ரசிகர்கள் முதல் இசைத்தட்டைக் கோவிலில் வைத்தார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஒரே ஆள், ஒரே மூச்சு. ஆனால் ஒன்றுக்கு 'அசல்' முத்திரை, மற்றதற்கு 'வியாபாரம்' என்ற முத்திரை. அசல் எது என்று முடிவு செய்வது யார்?

வெளியே இருந்து வருகிறவன் இதை வாசிக்கலாமா என்ற கேள்வியும் உண்டு. 'வார்' குழுவில் மவுத் ஆர்கன் வாசித்த லீ ஆஸ்கர் டென்மார்க்கில் பிறந்த வெள்ளையர், நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து உயிர் தப்பிய தாயின் மகன். 1975இல் வந்த 'லோ ரைடர்' பாட்டைக் கேளுங்கள். மெக்சிகோ வழி வந்த இளைஞர்கள் காரைத் தாழ இறக்கி, மெதுவாக, 'எங்களைப் பாரு' என்று தெருவில் ஓட்டுகிற திமிர்தான் பாட்டு. ஆஸ்கரின் மவுத் ஆர்கனும் சார்லஸ் மில்லர் என்ற கறுப்பரின் சாக்ஸபோனும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன. எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவன் நிற்க வேண்டிய இடம் அது: முன்னால் அல்ல, வரிக்குள்ளே. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் அடித்த அடியை நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டிக் காசு பார்த்தார்கள். அவருக்குப் பாட்டில் உரிமை இல்லை. 2017இல் இறந்தார். பழகுகிறவர் அந்த அடியோடு சேர்த்து அந்தப் பெயரையும் பழக வேண்டும்.

நமக்கும் இதற்கும் என்ன? அம்பேத்கர் 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். எடுத்தது சிறுத்தையை, கண்ணீரை அல்ல. அதற்காக அவர்களும் நாமும் ஒன்று என்று சும்மா கோடு போட்டுவிடவும் முடியாது. அங்கே முரசு தடை செய்யப்பட்டது. இங்கே பறை நம் தலையில் கட்டப்பட்டது, ஊருக்குச் சாவு விழுந்தால் அடித்தே ஆக வேண்டும் என்று. அங்கே முரசை மீட்பது விடுதலை. இங்கே 'அடிக்க மாட்டோம்' என்று சொன்னது முதல் விடுதலை, நமக்காக அடிப்பது அடுத்த விடுதலை.

ஆனால் ரசிகன் இரண்டு இடத்திலும் ஒருத்தன்தான். தலித் எழுத்து என்றதும் 'வலி இருக்கா? இருக்கு. அப்ப நல்ல நாவல்' என்று மதிப்புரை எழுதுகிறவர், அதே எழுத்தில் கேலியும் திமிரும் ஆட்டமும் வந்தால் 'கலையாகலையே' என்று உதட்டைப் பிதுக்குகிறார். நம் அழுகை அவருக்குப் பாதுகாப்பானது. கேட்டுவிட்டு உச்சுக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் ஆட்டம் அப்படி இல்லை, 'நீ எங்கே நிக்கிற?' என்று அவரைக் கேட்கிறது. நாமும் சில நேரம் அவர் கேட்கிறாரே என்று அழுகையையே கூட்டி எழுதிக் கொடுக்கிறோம்.

மவுத் ஆர்கன் பழகுகிற தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. 'ஜூக்', 'ஸ்நாட்ச் இட் பேக்', 'லோ ரைடர்' மூன்றையும் இந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எங்கே வாசிக்கவில்லை என்பதை முதலில் எண்ணுங்கள். அப்புறம் வாசியுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் 'ஐயோ பாவம்' என்று பார்த்தால் தாளம் எங்கோ தவறிவிட்டது. அவர் கால் தட்ட ஆரம்பித்தால் சரியாகப் போகிறது.