தைராய்டு சிகிச்சையும் அகச்சிவப்பு ஒளியும்

ராசிபுரத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் கழுத்துக் கட்டியோடு சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து, ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் முடிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு போகிறவர்களின் காதில், ஒளியைப் பாய்ச்சியே புற்றுநோயைக் காட்டிவிடும் யந்திரம் ஒன்று வந்திருக்கிறதென்ற செய்தி விழுமானால், அவர்கள் அதை நம்புவதில் வியப்பில்லை. ஆயினும் அதில் பாதிதான் உண்மை, அந்தப் பாதியும் புற்றுநோயைப் பற்றியதன்று.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையார் 2011-இல் பிரசுரித்த ஆராய்ச்சியின்படி, 785 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கழுத்துத் திசுக்களின்மேல் செலுத்தினால், சாயம் எதுவுமின்றியே, தைராய்டைக் காட்டிலும் அதன் பின்புறத்தில் ஒட்டிக்கிடக்கும் பாராதைராய்டு சுரப்பிகளே அதிகப் பிரகாசமாக ஒளிர்கின்றன. அரிசியளவே உள்ள இவற்றைக் கொழுப்பென்றெண்ணி அறுத்துவிட்டால், இரத்தத்தில் கால்சியம் குறைந்து, ஓரிரு நாளில் உதடும் விரல்நுனியும் மரத்துக் கை இழுத்துக்கொள்ளும். பிரான்சில் நடந்து 2020-இல் வெளியான பரீட்சையில், இவ்வொளியின் துணையால் அத்தகைய கால்சியக் குறைவு 21.7 சதவிகிதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. இது அற்பமான லாபமன்று.

குறைகளும் உண்டு. விளக்குகளைத் தணித்துவிட்டுக் காமிராவைப் பிடித்தால், கறுப்பு வெள்ளைத் திரையில் சுரப்பி ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். ஆனால் அதற்குச் செல்லும் இரத்தக் குழாய் அறுந்து, சுரப்பி உயிரிழக்கும் நிலையிலிருந்தாலும் அந்தப் புள்ளி அப்படியே ஒளிரும், வெட்டி எடுத்துத் தட்டில் வைத்தாலும் ஒளிரும். ஆகவே இரத்த ஓட்டத்தை அறிய இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில மில்லிமீட்டருக்குக் கீழே ஒளி எட்டுவதுமில்லை.

இனிப் புற்றுநோய். மெதிலீன் நீலம் முதலிய சாயங்களைக் கொண்டு நோயுற்ற திசுவைப் பிரித்தறியும் முயற்சிகள் ஆராய்ச்சி நிலையிலேயே நிற்கின்றன. ஃபாலிக்யுலர் வகைப் புற்றோவெனில், கட்டியின் உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நிர்ணயிக்கப்படுவதாகையால், மேற்பரப்பின் பிரகாசம் அங்கே சாட்சி சொல்ல இயலாது.

என் அபிப்பிராயத்தில், பாராதைராய்டைக் கண்ணால் கண்டு பழகாத இளம் சர்ஜனுக்கு இக்கருவி நல்ல உபாத்தியாயர். அதனால் 1986 முதல் மாணாக்கரைப் பயிற்றிவரும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களே அதற்கு உரியவை. நோயாளிகளோ யந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். சிகிச்சை செய்பவர் வருஷத்திற்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார், மறுநாள் கால்சியம் பார்ப்பார்களா என்று கேளுங்கள்.