வேடர் ஆவதற்கு முன்னால்

2025 ஏப்ரலில் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ தன் இருபதாம் ஆண்டையொட்டி மறுபடி திரைக்கு வந்தபோது அமெரிக்கத் திரையரங்குகளில் கூட்டம் அலைமோதியது. அந்தப் படம் முதலில் வெளிவந்த காலத்தில் அதன் வசனங்களைக் கேலி செய்யாத ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் குறைவு. இன்று அதே வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தலைமுறை இருக்கிறது. 1999, 2002, 2005 என்று ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய மூன்று முன்கதைப் படங்களும் தேறுமா தேறாதா என்ற வாக்குவாதம் கால் நூற்றாண்டாக ஓயவில்லை.

அது ஓயாததற்குக் காரணம், இரு தரப்பும் பேசும் பொருள் வெவ்வேறு. எதிர்ப்பவர்கள் காட்சிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள்: மரத்துப்போன காதல் பேச்சு, வெறும் நீலத்திரையின் முன் திகைத்து நிற்கும் நடிகர்கள், ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரம். ஆதரிப்பவர்கள் கதையின் கட்டுமானத்தைச் சொல்கிறார்கள்: ஒரு குடியரசு தானே விரும்பிச் சர்வாதிகாரத்தின் கையில் போய் விழுவது, ஒரு நல்ல பையன் அன்பினாலேயே கெட்டுப்போவது. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. என் கட்சி இது: விட்டுப்போன விவரங்களை நிரப்பக் கிளம்பும்போது முன்கதை தோற்கிறது. முடிவு இன்னதென்று தெரிந்த நம் கண்ணெதிரே, ஒருவன் அதை நோக்கித் தன் காலாலேயே நடந்து போவதைக் காட்டும்போது ஜெயிக்கிறது. லூகாஸின் படங்களில் இந்தத் தோல்வியும் வெற்றியும் பக்கத்துப் பக்கத்துக் காட்சிகளில் இருக்கின்றன.

1977இல் வந்த முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். பாலைவனக் கிரகம் ஒன்றில், சின்னக் குடில் ஒன்றில், முதியவர் ஒபி-வான் கெனோபி இளைஞன் லூக்கிடம் அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். நல்ல விமானி, நல்ல நண்பன், க்ளோன் போர்களில் கூட நின்றவன், டார்த் வேடர் என்ற சீடனால் கொல்லப்பட்டவன். பேச்சு சில நிமிடங்கள்தான். ஆனால் பதில் சொல்லுமுன் அலெக் கின்னஸ் ஒரு கணம் தயங்குகிறாரே, அந்தத் தயக்கத்துக்குள் ஒரு முழு யுத்தத்தையும் ஒரு நட்பின் முறிவையும் ரசிகர்கள் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டார்கள். அந்த வேடரே லூக்கின் அப்பா என்று 1980இல் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ சொன்னது. மறு ஆண்டு முதல் படம் மறுவெளியீடு கண்டபோது அதன் தலைப்பில் ‘எபிசோட் 4’ என்று சேர்த்தார்கள். அன்றிலிருந்து இல்லாத மூன்று அத்தியாயங்களுக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. எந்த இயக்குநராக இருந்தாலும் அந்தக் கற்பனையோடு போட்டி போடுவது கஷ்டம்.

முடிவு தெரிந்துவிட்டால் கதையில் என்ன இருக்கிறது என்பது எல்லா முன்கதைகளின் மேலும் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு. இதை நான் ஏற்கவில்லை. கர்ண மோட்சம் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியாதவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அவன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தில் நெஞ்சு கனப்பதே அது தெரிந்திருப்பதால்தான். அனாகின் ஸ்கைவாக்கர் வேடர் ஆவான் என்று தெரிந்திருப்பதும் இப்படியொரு மூலதனம். அதை லூகாஸ் எப்படிச் செலவழித்தார் என்பதுதான் கேள்வி.

மோசமாகச் செலவழித்த இடங்களில் முதன்மையானது ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தின் இரத்தப் பரிசோதனை. ஜெடாய் வீரர் குவை-கான் ஜின் சிறுவன் அனாகினின் இரத்தத்தில் ஒரு துளி எடுத்துக் கப்பலில் இருக்கும் ஒபி-வானுக்கு விவரத்தை அனுப்புகிறார். ‘ஃபோர்ஸ்’ என்ற ஆற்றலின் அளவைக் காட்டும் மிடிக்ளோரியன் எண்ணிக்கை இருபதாயிரத்துக்கு மேல், ஜெடாய் குரு யோடாவுக்கே அவ்வளவு கிடையாது என்று பதில் வருகிறது. அதற்கு முந்தைய மூன்று படங்களில் ‘ஃபோர்ஸ்’ என்பது பயிற்சியாலும் நம்பிக்கையாலும் அடையப்படும் ஒன்று. சதுப்பு நிலத்தில் மூழ்கிய விமானத்தை லூக்கால் தூக்க முடியாமல் போவதற்குக் காரணம் அவன் நம்பாததே. வயலில் வேலை செய்யும் எந்தப் பையனும் லூக்காக இருக்கலாம் என்ற எண்ணம் அந்தப் படங்களை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறப்பிலேயே இரத்தத்தில் அளவிடப்படும் தகுதியாக அதை மாற்றியபின் அந்த எண்ணம் அடிபட்டுவிடுகிறது. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில், கேட்டிருந்த கதையின் உயிரையே குறைத்துவிட்டது.

இதே நோய் வேறு இடங்களிலும் உண்டு. சீ-த்ரீபிஓ என்ற ரோபோவைச் செய்ததே சிறுவன் அனாகின்தானாம். போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரனின் அப்பாதான் க்ளோன் படை முழுமைக்கும் அச்சு. மூன்றாம் படத்தில் யோடாவின் பக்கத்திலேயே, பழைய படங்களில் ஹான் சோலோவின் கூட்டாளியாக வந்த செவ்பாக்கா நிற்கிறான். எல்லோரும் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவர்கள் என்றாகும்போது அண்டம் சுருங்கிவிடுகிறது. லூகாஸ் விலகிய பிறகு 2018இல் வந்த ‘சோலோ’ இந்தப் பழக்கத்தை எல்லைக்கே கொண்டுபோனது. ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க ஆள்சேர்ப்பு அதிகாரி ஒருவர் வருகிறார். அதை யார் கேட்டார்கள்?

ரசிகர்கள் நேரம் போவது தெரியாமல் தர்க்கம் செய்யும் முரண்பாடுகளை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. தன் உண்மையான அம்மாவின் முகம் மங்கலாக நினைவிருப்பதாக லூக்கின் சகோதரி லேயா 1983 படத்தில் சொல்கிறாள். 2005 படத்தில் அந்த அம்மா, அனாகினின் மனைவி பத்மே, பிரசவத்தோடு இறந்துவிடுகிறாள். தனக்குக் கற்றுத்தந்த குரு யோடா என்றார் பழைய ஒபி-வான். புதிய படத்தில் குரு குவை-கான். இவற்றுக்கு ஒட்டுப் போட முடியும், போட்டும் இருக்கிறார்கள். ஆனால் கதை நேரத்தைப் பங்கிட்ட விதத்துக்கு ஒட்டுப் போட வழியில்லை. மூன்று படங்களில் ஒன்று முழுக்க ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போய்விட்டது. அடுத்த படம் பத்து ஆண்டுகள் தாண்டித் தொடங்குகிறது. அதில் குருவும் சீடனும் பெரும்பாலும் சிடுசிடுத்துக்கொள்கிறார்கள், பிறகு பிரிந்து வேறு வேறு கிரகங்களுக்குப் போகிறார்கள். மூன்றாம் படம் வருவதற்குள் க்ளோன் போரே முடியும் தறுவாயில் இருக்கிறது. குடிலில் கிழவர் நினைத்து நினைத்துத் தயங்கிய அந்த நட்பு, படத்துக்கும் படத்துக்கும் இடையே எங்கோ நடந்து முடிந்துவிடுகிறது. எரிமலைக் குழம்பின் கரையில் நீ என் தம்பியாக இருந்தாய் என்ற பொருளில் ஒபி-வான் கதறும்போது, இவான் மெக்ரெகரின் நடிப்பு நம்மை அழவைக்கிறது. படம் அதற்கு முன்கூட்டி உழைக்கவில்லை.

இங்கே ஆதரவாளர்கள் 2008இல் தொடங்கி 2020 வரை ஏழு பருவங்களாக வந்த ‘தி க்ளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரைக் காட்டுவார்கள். அதில் அனாகின் சிரிக்கிறான், வீரர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறான், அசோகா என்ற மாணவியை வளர்க்கிறான், அவளை இழக்கிறான். அருமையான தொடர், மறுப்பதற்கில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாம் படம் கூடுதலாக வலிக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடர் எழுதிய நட்பைப் படத்தின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. 2005இல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

1977க்கும் 1999க்கும் இடையில் லூகாஸ் ஒரு படம்கூட இயக்கவில்லை. ‘எம்பயர்’ படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர், திரைக்கதையில் லே பிராக்கெட், லாரன்ஸ் காஸ்டன் பெயர்கள் இருக்கின்றன. முன்கதைகளில் சுமை பெரும்பாலும் லூகாஸின் தலையில். இரண்டாம் படத்துக்கு ஜொனாதன் ஹேல்ஸ் துணை எழுத்தாளராக இருந்தும் காதல் காட்சிகள் தேறவில்லை. இத்தாலியின் கோமோ ஏரிக்கரை மாளிகையில் எடுத்த காட்சிகளில் சூழல் அள்ளிக் கொடுக்கிறது. நடாலி போர்ட்மேனும் ஹேடன் கிறிஸ்டென்சனும் பேச வாயெடுத்ததும் எல்லாம் உறைந்துவிடுகிறது. மனத்தில் இருப்பதை முழு வாக்கியங்களில் ஒப்பிக்கிறார்கள்.

இதே இருவரை இதே இயக்குநர் மூன்றாம் படத்தில் பேசவிடாமல் எடுத்த ஒரு காட்சி இருக்கிறது. அந்தி நேரம். அனாகின் ஜெடாய் சபையின் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நகரத்தின் மறுகோடியில் பத்மே தன் வீட்டுச் சன்னலருகே நிற்கிறாள். இருவருக்கும் நடுவில் சூரியன் இறங்கும் கட்டடக் காடு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஆனால் ஒருவர் இருக்கும் திசையை மற்றவர் பார்க்கிறார். ஒரு பெண்குரல் தாழ்வாக அழுவதுபோல் இசை. அவன் கண்ணில் நீர் வழிகிறது, எழுந்து போகிறான். அவன் எங்கே போகிறான் என்று நமக்குத் தெரியும். அவளுக்காகவே போகிறான், போனதால்தான் அவளை இழப்பான் என்பதும் தெரியும். முன்கதை என்ற வடிவத்தால் மட்டுமே தரக்கூடிய துயரம் இது. இதை எடுத்த மனிதரைச் சினிமா தெரியாதவர் என்று எழுதித் தள்ளுகிறவர்களோடு என்னால் சேர முடியாது.

இத்தனைக்கும் அடுத்த சில நிமிடங்களில் லூகாஸ் சறுக்கிவிடுகிறார். ஜெடாய் குரு மேஸ் விண்டுவின் கையை வெட்டிய அனாகின் ‘என்ன செய்துவிட்டேன்’ என்று பதறுகிறான். மூச்சு வாங்குவதற்குள் மண்டியிட்டுப் புதிய பெயர் பெறுகிறான். அடுத்து ஜெடாய் ஆலயத்துக் குழந்தைகளைக் கொல்லப் போகிறான். ஆறு படங்களின் அச்சாணியான மனமாற்றம் இப்படி அவசரத்தில் முடிகிறது.

அரசியலுக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. வணிகப் பாதைகளுக்கு வரி என்று முதல் படம் தொடங்கியதற்கு விழுந்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தச் சின்னத் தகராறிலிருந்து பேரரசு வரை போகும் சங்கிலியைப் பாருங்கள். தன் மக்கள் முற்றுகையில் தவிக்கிறார்கள் என்று அரசி பத்மே அமிடாலா செனட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறாள். நியாயமான கோபம். அதில் பதவி இழப்பவர் செனட் தலைவர் வலோரம், பதவிக்கு வருபவர் பின்னாளில் பேரரசராகப்போகும் பால்படீன். பத்தாண்டுக்குப் பின் அவருக்கு அவசரகால அதிகாரம் தர முன்மொழிவது, அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவி ஜார் ஜார். அமைதியின் காவலர்களான ஜெடாய்கள் யார் உருவாக்கியது என்றே சரியாகத் தெரியாத ஒரு படைக்குத் தளபதிகளாகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நல்லவர்கள் நல்ல காரணத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பேரரசு பிறந்தது என்று அறிவிக்கும்போது செனட் கைதட்டுகிறது. நல்லவன் கெட்டவன் என்று சட்டையின் நிறத்திலேயே சொல்லிவிட்ட பழைய படங்களில் இந்த நுட்பம் கிடையாது.

இதைத் தூக்கி நிறுத்தியவர் இயன் மெக்டயர்மிட். 1983இல் முப்பதுகளின் இறுதியில் இருந்தவர், ஒப்பனை போட்டுக் கிழட்டுப் பேரரசராக நடித்தார். பதினாறு ஆண்டு கழித்து இளைய பால்படீனுக்கு அவருடைய வயதே பொருத்தமாக அமைந்தது. மூன்றாம் படத்தின் ஓபரா அரங்கக் காட்சியில் அவர் கூட இருந்தவர்களை அனுப்பிவிட்டு அனாகினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். எதிரே மேடையில் நீர்க்குமிழிகள் மிதக்கின்றன, அடித்தொண்டையில் ஒரே சுரம் ஒலிக்கிறது. சாவிலிருந்து பிரியமானவர்களைக் காக்கத் தெரிந்த ஒரு சித் இருந்தார், கடைசியில் தூக்கத்தில் தன் சீடன் கையாலேயே செத்தார் என்று வம்பளப்பதுபோல் சொல்கிறார். அந்தச் சீடன் யாரென்று ஓரச் சிரிப்பில் நமக்குத் தெரிகிறது, அனாகினுக்குத் தெரிவதில்லை. வாள் வீச்சு ஒன்றுமில்லாமல், இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் இந்தக் காட்சி முத்தொகுப்பின் சிகரம்.

முன்கதையின் இலக்கணம் லூகாஸின் பேனாவைவிட ஜான் வில்லியம்ஸின் இசைக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. சிறுவன் அனாகினுக்கு அவர் அமைத்த இனிமையான மெட்டு முடியும் இடத்தில் வேடரின் அணிவகுப்பு இசை மெல்ல எட்டிப் பார்க்கும். முதல் படத்தின் கடைசியில் நபூ கிரகத்து வெற்றி ஊர்வலத்தில் குழந்தைகள் குதூகலமாகப் பாடுவது என்ன மெட்டு? 1983 படத்தில் பேரரசருக்கு அமைத்த அதே இருண்ட மெட்டு, இங்கே மேஜர் ஸ்வரங்களில். ஊர் கொண்டாடுகிறது, வென்றது யாரென்று இசை சொல்லிவிடுகிறது. விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

இந்த விவாதம் எல்லை மீறிய கதையையும் சொல்லியாக வேண்டும். ஜார் ஜார், நபூவை முற்றுகையிடும் வணிகக் கூட்டமைப்புத் தலைவர்கள், சிறுவன் அனாகினை அடிமையாக வைத்திருக்கும் கடைக்காரன் வாட்டோ ஆகிய பாத்திரங்கள் மனித இனங்களைப் பற்றிய பழைய ஏளனங்களை நினைவூட்டுகின்றன என்று 1999இலேயே எழுந்த விமர்சனம் நியாயமானது, அதற்கு லூகாஸ்தான் பொறுப்பு. ஆனால் அடி விழுந்தது நடிகர்கள் மேல். ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், வசை தாங்காமல் உயிரை விட நினைத்ததைப் பின்னாளில் தானே வெளிப்படையாகச் சொன்னார். முழுநீளப் படத்தில் கணினி வரைகலைப் பாத்திரம் ஒன்று மனித நடிகர்களோடு கலந்து நடிக்க முடியும் என்று காட்டியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஒரு படம் பிடிக்கவில்லை என்பதற்காக இருபது சொச்சம் வயது இளைஞனை அந்த நிலைக்குத் தள்ளியதை எந்த ரசனையும் நியாயப்படுத்தாது.

விளக்கம் சொல்லும் ஆசையை விட்டுவிட்டால் முன்கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘ஆண்டோர்’ சாட்சி. டோனி கில்ராயின் இந்தத் தொடர் 2022இலும் 2025இலும் இரண்டு பருவங்களாக வந்தது. காஸியன் ஆண்டோர் எங்கே எப்படிச் சாவான் என்பதை 2016இன் ‘ரோக் ஒன்’ ஏற்கெனவே காட்டிவிட்டது. அதனால் தொடர் அவன் பிழைப்பானா என்று ஒரு நிமிடமும் நம்மை ஏய்ப்பதில்லை. கிளர்ச்சிக்காக யார் எதை இழந்தார்கள் என்பதையே பொறுமையாகச் சொல்கிறது. இதில் செனட்டர் மோன் மோத்மாவாக வரும் ஜெனிவீவ் ஓ’ரைலி, அதே பாத்திரத்துக்காக ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ படத்திலேயே தேர்வானவர். பத்மேவும் மோன் மோத்மாவும் மற்ற செனட்டர்களும் பால்படீனுக்கு எதிராக இரகசியமாகக் கூடிப் பேசும் காட்சிகள் எடுக்கப்பட்டன, படத்தொகுப்பில் நீக்கப்பட்டன. பின்னாளில் ஒரு முழுத் தொடரையே தாங்கி நின்ற கதை, 2005இல் நேரமில்லை என்று ஒதுக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் இருந்திருந்தால், முதல் படத்தில் அரசாண்ட பத்மேவுக்கு மூன்றாம் படத்தில் பிரசவத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையும் இருந்திருக்கும்.