பாம்பன் பெண்களின் மூச்சு

மதுரை வில்லாபுரத்திலிருந்து பாம்பன் சுமார் 160 கிலோமீட்டர். அங்கே சின்னப்பாலம் பெண்கள் கடற்பாசி எடுக்க முங்குவதைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. சேலையை இழுத்துச் செருகி, மேலே ஒரு சட்டை, முகத்தில் கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல் விரலாகச் சுற்றிய துணி. மூச்சை நிதானமாக இழுத்து உள்ளே போனால், மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டுவிட்டுத்தான் தலை மேலே வரும். சிறுவயதிலேயே அம்மாவுடன் கரையோரத்தில் தொடங்கும் பயிற்சி இது. இவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. இந்தப் பெண்கள் முங்குவது நீச்சல் பதக்கங்களுக்குச் சற்றும் குறையாத திறமை என்பேன்.

முங்கும்போது மூச்சு முட்டவைப்பது ஆக்சிஜன் குறைவதல்ல, சேரும் கார்பன் டை ஆக்சைடு. அந்தத் தவிப்பைப் பதறாமல் தாங்கப் பழகுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. முங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தால் தவிப்பு தள்ளிப்போகும். ஆனால் அதற்குள் ஆக்சிஜன் குறைந்து, எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பலாம்.

நம்மூர்க் கிணறுகளில் மூச்சடக்கிப் பந்தயம் கட்டும் பிள்ளைகளே, அப்படி மூச்சிழுக்காதீர்கள். பாம்பன் பெண்கள் கூட்டமாகத்தான் கடலுக்குப் போகிறார்கள். நீங்களும் தனியாக முங்காதீர்கள்.