லிவிங் டிரஸ்ட்டும் வங்கிக் கணக்கும்: சரியான செயல், தவறான வாதம்

அமெரிக்காவில் ஒருவரிடம், அவருடைய வங்கிக் கணக்கை அவர் உயிரோடிருக்கையிலேயே அமைத்த லிவிங் டிரஸ்ட்டின் பெயருக்கு மாற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: இறந்தவரின் சொத்தைப் பிரித்துத் தரும் புரொபேட் நீதிமன்றத்தைத் தவிர்க்கலாம். 1960களில் நார்மன் டேசியின் நூல் பரப்பிய வாதம் அது. வீட்டைப் பொறுத்தவரை அது இன்றும் வலுவானது. கலிபோர்னியாவில் புரொபேட்டுக்குப் போகும் 5 லட்சம் டாலர் சொத்துக்கு, கடனைக் கழிக்காமலே, வழக்கறிஞர் 13,000 டாலரும் உயிலை நிறைவேற்றுபவர் அதே அளவும் கட்டணமாகப் பெறச் சட்டம் இடம் தருகிறது.

வங்கிக் கணக்குக்கு அதே வாதம் பொருந்தாது. தனக்குப் பின் பணத்தைப் பெறவேண்டியவரின் பெயரை வங்கியிலேயே பதியும் பி.ஓ.டி. ஏற்பாடு செலவின்றி அந்தப் பயனைத் தந்துவிடுகிறது. நியூயார்க்கின் டாட்டன் தீர்ப்பு 1904லேயே இந்த வழியைத் திறந்துவிட்டது.

டிரஸ்ட்டின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. பி.ஓ.டி. மரணத்துக்குப் பிறகே உயிர்பெறும். கணக்குதாரர் பக்கவாதத்தில் விழுந்தாலோ மறதி நோயில் முடங்கினாலோ அதைக் கொண்டு ஒரு டாலரைக்கூட எடுக்க முடியாது. பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்றால், பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு வங்கியின் தயக்கத்தோடு மல்லுக்கட்ட நேரலாம். கணக்கு டிரஸ்ட்டின் பெயரில் இருந்தாலோ, டிரஸ்ட் பத்திரம் குறிப்பிடும் அடுத்த பொறுப்பாளர், அதாவது டிரஸ்டி, உரிய சான்றுகளைக் காட்டிப் பொறுப்பேற்கிறார். மருத்துவமனைக் கட்டணமும் வீட்டு வரியும் தடையின்றிப் போகும்.

இரண்டாவது பயன் ஒருங்கிணைப்பு. இளைய மகனின் பங்கை 30 வயதுவரை கையில் தர வேண்டாம் என்று டிரஸ்ட் பத்திரம் சொல்லும். அதே மகனின் பெயர் பி.ஓ.டி.யில் இருந்தால் வங்கி 19 வயதிலேயே முழுத்தொகையையும் கொடுத்துவிடும். ரொக்கம் இப்படிப் பிரிந்து போனபின், வரியையும் கடனையும் தீர்க்க வேண்டிய டிரஸ்டியின் கையில் வீடு மட்டுமே மிஞ்சும். ஒரு பத்திரம் திட்டமிடுகிறது, இன்னொரு படிவம் அதைக் குலைக்கிறது. கவனமாக எழுதப்பட்ட திட்டங்களும் உடைவது இந்த இடத்தில்தான். பரிந்துரைப்பவர்கள் இதை அழுத்திச் சொல்லாதது பெருங்குறை.

மிகைப்படுத்தல்களையும் களைய வேண்டும். திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட் கடன்காரர்களிடமிருந்து காக்காது. வரியையும் குறைக்காது, வட்டி வழக்கம்போல் டிரஸ்ட்டை அமைத்தவரின் சொந்த வருமானக் கணக்கிலேயே சேரும். வங்கி வைப்புகளுக்கான எஃப்.டி.ஐ.சி. காப்பீடு கூடும் என்பது பாதி உண்மை. பயனாளி ஒருவருக்கு 2,50,000 டாலர், உரிமையாளருக்கு ஒரு வங்கியில் அதிகபட்சம் 12,50,000 டாலர் என்ற வரம்பு பி.ஓ.டி.க்கும் டிரஸ்ட்டுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது.

நடைமுறைச் சிரமமும் உண்டு. சில வங்கிகள் பெயரை மட்டும் திருத்துகின்றன. சில புதிய எண்ணில் கணக்குத் தொடங்கச் சொல்கின்றன. அப்போது சம்பள வரவும் தானியங்கிக் கட்டணங்களும் அறுபடும். சிரமத்துக்கு அஞ்சிக் கணக்கைப் பத்திரத்தின் பின்னிணைப்பில் எழுதியதோடு நிறுத்துவது மாற்றாகாது. கலிபோர்னியாவின் 1993 ஹெக்ஸ்டாட் தீர்ப்பு அத்தகைய எழுத்துக்கு ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு கணக்குக்குக் கணக்கு வேறுபடும். சேமிப்புக் கணக்கையும் வைப்புநிதியையும் மாற்றுவது சரி. வைப்புநிதியை முதிர்வு நாளில் மாற்றினால் அபராதக் கேள்வி எழாது. கணவனும் மனைவியும் கூட்டாக நடத்தும் அன்றாடச் செக்கிங் கணக்கை அப்படியே விட்டு, வங்கி ஏற்றால் பி.ஓ.டி. பெறுநராக டிரஸ்ட்டையே குறிப்பிடலாம். தனியாக வாழ்பவருக்கு இந்த விலக்கு பொருந்தாது; அவர் முடங்கிய நாளில் கையெழுத்திட வேறு யாரும் இல்லாததால், செக்கிங் கணக்கையும் மாற்றியே ஆக வேண்டும். ஐ.ஆர்.ஏ. போன்ற ஓய்வூதியக் கணக்குகளை மட்டும் தொடக்கூடாது. உயிரோடிருக்கையில் அவற்றின் உரிமையை மாற்றினால், பணத்தை வெளியே எடுத்ததாகக் கருதி வரி விதிக்கப்படும்.