உணர்ச்சியும் அறநெறியும் பல்கலைக்கழகமும்: மெக்கின்டயரின் கருத்துகள் பற்றிய ஓர் ஆய்வு

அறநெறி பற்றிய விவாதங்கள் இக்காலத்தில் ஏன் முடிவுக்கு வருவதேயில்லை? இவ்வினாவை எழுப்பி ஆழ்ந்த விடை தேடிய கத்தோலிக்க மெய்யியலார் அலஸ்டர் மெக்கின்டயர் ஆவார். 1929இல் கிளாஸ்கோவில் பிறந்த இவர், இளமையில் மார்க்சியராயிருந்து, 1980களின் தொடக்கத்தில் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 2025 மே மாதத்தில் மறைந்தார். அவர்தம் கருத்துகளைச் சீர்திருத்தத் திருச்சபையார் எங்ஙனம் ஏற்கலாம், எங்கு மறுக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1981இல் வெளிவந்த 'ஆஃப்டர் வெர்ச்சூ' என்னும் நூலில் அவர் எதிர்க்கும் கொள்கை உணர்ச்சிவாதம். 'இது நன்று' என்னும் கூற்று உண்மை எதையும் உரைப்பதன்று, பேசுவோனின் விருப்பு வெறுப்பை வெளியிடுவதே என்பது அக்கொள்கை. ஏயர் 1936இலும் ஸ்டீவன்சன் 1944இலும் இதனை விளக்கி எழுதினர். அறச்சொற்களின் பொருளை விளக்கும் கொள்கையாக இது தவறு என்கிறார் மெக்கின்டயர். ஆயினும் இன்றைய மாந்தர் அச்சொற்களை வழங்கும் முறையை இது சரியாகவே படம்பிடித்துக் காட்டுகிறது என்பது அவர் கருத்து. இந்நிலை எவ்வாறு வந்தது? மனிதன் இப்போது இருக்கும் நிலை, அவன் அடைய வேண்டிய இறுதி நோக்கம், முன்னதிலிருந்து பின்னதற்கு அவனை நடத்தும் கட்டளைகள் ஆகிய மூன்றையும் அரிஸ்டாட்டிலும் தோமா அக்குவினாரும் இணைத்துக் கண்டனர். பிற்காலத்தார் இறுதி நோக்கத்தை நீக்கிவிட்டனர். எதற்காகக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்ல இயலாத கட்டளைகளே எஞ்சின.

இக்குறை பல்கலைக்கழகத்தையும் பற்றியது என்பதை, 1988இல் எடின்பரோவில் அவர் ஆற்றி, 1990இல் நூலாக வெளியிட்ட கிஃபோர்டு சொற்பொழிவுகளில் காணலாம். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பு, நீட்சே 1887இல் எழுதிய அறநெறி ஆய்வு, தோமாவின் மெய்யியலுக்குத் திரும்புமாறு போப் பதின்மூன்றாம் லியோ 1879இல் விடுத்த சுற்றுமடல் ஆகியவற்றை மூன்று எதிர்நிலைகளுக்குச் சான்றாக அவர் நிறுத்துகிறார். எவ்வித முன்நம்பிக்கையும் இல்லாதது போல் நடிக்கும் பல்கலைக்கழகத்தில், வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு இடமில்லை. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் ஒதுங்கிவிடுகிறது. ஆதலின், மாறுபட்ட மரபினர் தத்தம் நிலையை மறைக்காமல் வாதிடும் களமாகப் பல்கலைக்கழகம் அமைய வேண்டும் என்கிறார். 1852இல் டப்ளினில் நியூமன் ஆற்றிய உரைகளின் தொடர்ச்சியை இங்கே உணரலாம்.

இக்குற்றச்சாட்டில் நமக்கும் பங்குண்டு. சமயத்தின் இருப்பிடம் அறிவோ செயலோ அன்று, உள்ளுணர்வே என 1799இல் எழுதிய ஷ்லையர்மாகர் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகத்தின் அமைப்புக்கு அடிகோலியவர்களுள் அவரும் ஒருவர். அவர் கூறிய உள்ளுணர்வு வெறும் உணர்ச்சிக் கிளர்ச்சியன்று. எனினும் அவர் வழிவந்தோர் பலர் அவ்வேறுபாட்டைக் காக்கவில்லை. நம் சபைகளின் ஆலோசனைக் கூட்டங்களிலும், 'இதைக் குறித்து என் உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் வினவுவது பக்தியின்மை எனக் கருதப்படுகிறது. அச்சமாதானம் தேவனிடமிருந்து வந்ததா, நம் விருப்பத்தினின்று பிறந்ததா எனச் சோதித்தறிய வேண்டாமா? சோதனைக்கு உட்படாத இப்பேச்சும் உணர்ச்சிவாதமே.

ஆனால் மெக்கின்டயர் நம் முன்னோர்மேல் சுமத்தும் பழியை முழுமையாக ஏற்க இயலாது. மனிதன் தன் இறுதி நோக்கத்தை அறியும் ஆற்றல் வீழ்ச்சியினால் அழிந்தது எனச் சீர்திருத்தவாதிகளும், கத்தோலிக்கருள் ஜான்செனியரும் கற்பித்ததால் அறிவு வலுவிழந்தது என்பது அவர் வாதம். அரிஸ்டாட்டிலின் அறநூல் அருளுக்குப் பகை என லூத்தர் 1517இல் கூறியது உண்மையே. ஆயின் அவர் மறுத்தது, நற்செயல்களைச் செய்து செய்தே தேவன்முன் நீதிமானாகலாம் என்னும் போதனையை. அதே விட்டன்பர்க்கில் மெலாங்தன் 1529இல் அவ்வறநூலுக்கு உரை வெளியிட்டார். புறவினத்தாரின் கலைகளும் ஆவியானவரின் கொடைகள் எனக் கால்வின் போதித்தார்.

உணர்ச்சிகளைப் பற்றியும் இரு சபைகளும் அத்துணை விலகி நிற்கவில்லை. உணர்ச்சிகள் தம்மளவில் தீயவையல்ல, நன்மையை நோக்கிச் சித்தத்துடன் அவையும் எழுவதே நிறைவு என்கிறார் தோமா. இருதயமும் மாம்சமும் தேவனை நாடுவதைப் பாடும் 84ஆம் சங்கீதத்தைச் சான்று காட்டுகிறார். ஓர் உணர்ச்சியை அதனினும் வலிய உணர்ச்சியே வெல்லும் என 1521இல் மெலாங்தன் எழுதினார். உணர்ச்சி நல்வழிப்பட வேண்டும் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்; அது எதனால் நல்வழிப்படும் என்பதிலேயே வேறுபடுகின்றனர்.

முதன்மையான வினா இனி எழுகிறது. மரபே பாவம் செய்தால் அதனைத் தீர்ப்பிடுவது யார்? மரபுகள் நெருக்கடிக்கு உள்ளாகித் தம் குறையை உணர்ந்து, எதிர்மரபிடமிருந்தும் கற்கக்கூடும் என மெக்கின்டயர் விடை தருகிறார். சிறந்த விடையே. ஆயினும் அவர் கூறுவது பெரிதும் அறிவின் நெருக்கடி. அறிவில் நெருக்கடியேதும் உணராமலே மரபு அநீதியோடு வாழக்கூடும். 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் அடிமைகள் 272 பேரை விற்று, அத்தொகையில் ஒரு பகுதியை இன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமாக விளங்கும் கல்லூரியின் கடனுக்குச் செலுத்தினர். நற்பண்புகளைப் பற்றிய போதனை அவர்களுக்குக் குறைவாக இருந்ததில்லை. நாம் பெருமைப்பட இடமில்லை. பக்தி உணர்ச்சிகளை ஆராய்ந்து 1746இல் அரிய நூல் வெளியிட்ட ஜோனத்தன் எட்வர்ட்ஸ், பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியின் தலைவராய் 1758இல் மறைந்தார். அவரும் அடிமைகளை உடையவராயிருந்தார்.

கத்தோலிக்கரின் மரபும் நம்மவரின் பக்தியும் ஒரே இடத்தில் அயலானைக் காணத் தவறின. 2017இல் ஜார்ஜ்டவுனும் இயேசு சபையாரும் விற்கப்பட்டோரின் சந்ததியார் முன்னிலையில் மன்னிப்புக் கோரினர். இத்தகைய மனந்திரும்புதல் வாதத்தின் முடிவாக மட்டும் வருவதன்று. துன்புற்றோரின் குரலைக் கேட்டு, வசனத்தின் தீர்ப்புக்கு உட்படும்போது வருவது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தபோது (கலா. 2:11-14), அப்போஸ்தலரின் தலைமையும் சுவிசேஷத்தின் தீர்ப்புக்கு உட்பட்டது என்பது விளங்கிற்று.

ஆகவே மெக்கின்டயரிடம் நாம் நன்றியுடன் கற்போம். அறநெறி வகுப்பில் மனித வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாவை முதலில் வைப்போம். 'எனக்குச் சமாதானம்' என்பவரிடம் காரணம் கேட்கும் துணிவை மாணவர்க்கு ஊட்டுவோம். ஆனால் மரபின் காவலராக மட்டும் அவர்களை அனுப்பலாகாது. தம் சபையின் பாவத்தையும் தம் பாவத்தையும் வசனத்தின் ஒளியில் அறிக்கையிடக் கற்றவரே பிறருக்கு அறநெறி போதிக்கத் தகுதியுடையவர்.