தூண்களுடைய இரம்: ஹூத் நபி இல்லாத ஒரு நகரம்

இலக்கியச் சஞ்சிகையொன்றின் விமர்சனப் பக்கங்களில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. சிலாபத்தில் என் சகோதரியின் மகனுக்குப் பதினான்கு வயது. அம்ம ஜுஸ்உ முழுவதும் அவனுக்கு மனனம். ஸூரா அல்-பஜ்ரில் வருகின்ற இரம் என்பது என்னவென்று அவனிடம் கேட்டேன். "அது அன்சார்ட்டட் மூணுல வாற நகரம் மாமா. கடைசியில மணலுக்குள்ள தாண்டு போகும்" என்றான்.

ஓதத் தெரிந்த பிள்ளைக்கு ஓதியதன் கதையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கு பிரச்சினை. மத்ரஸாவில் எழுத்தையும் உச்சரிப்பையும் கொடுத்தோம். கதையைக் கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனம் கொடுத்துவிட்டது. அந்தக் கதை எப்படிப்பட்டது என்று பார்க்காமல் "ஹராம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போவது விமர்சனமும் அல்ல, தர்பியத்தும் அல்ல.

'அன்சார்ட்டட் 3: டிரேக்ஸ் டிசெப்ஷன்' என்ற இவ்விளையாட்டை நோட்டி டோக் நிறுவனம் 2011 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 இல் வெளியிட்டது. 2015 இல் மெருகூட்டப்பட்டு பிளேஸ்டேஷன் 4 இற்கும் வந்தது. கதையை எழுதியவர் ஏமி ஹென்னிக். நேதன் டிரேக் என்ற புதையல் வேட்டைக்காரன், எலிசபெத் மகாராணி காலத்துக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் தடயங்களைப் பின்பற்றி லண்டன், பிரான்ஸ், சிரியா, யெமன் என்று அலைந்து, ஈற்றில் ரூபுல் காலி பாலைவனத்தின் நடுவே 'தூண்களுடைய இரம்' நகரை அடைகிறான். ஆங்கிலேயக் கடலோடி உலகைச் சுற்றிய பயணத்தின்போது (1577–1580) அரேபியாவுக்கும் இரகசியமாக வந்து போனார் என்பது கற்பனை. கேளிக்கைக் கதைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. அதில் எனக்கு வழக்கில்லை.

இரம் பற்றிய கதைகள் ஏற்கெனவே பல அடுக்குகள் கொண்டவை. குர்ஆன் அந்தப் பெயரை ஒரேயோர் இடத்தில்தான் சொல்கிறது (89:7). ஆத் கூட்டத்தாருடன் சேர்த்து, 'இமாத்' உடையது என்ற அடைமொழியோடு, மிகச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. இமாத் என்பது கட்டடத் தூணா, கூடாரக் கம்பமா, அம்மக்களின் உயர்ந்த உடலமைப்பா என்பதில் முபஸ்ஸிரீன்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் கதைசொல்லிகள் ஒரு நகரத்தையே கட்டினார்கள். சுவர்க்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட ஷத்தாத் என்ற மன்னன், அதைப்போல் ஒன்றை இவ்வுலகிலேயே அமைக்க எண்ணி, பொன்னாலும் வெள்ளியாலும் ஒரு நகரை முந்நூறு ஆண்டுகள் கட்டினான். குடிபுகும் முன்னரே அழிந்தான். பின்னர் முஆவியா (ரலி) காலத்தில், தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போன இப்னு கிலாபா என்பவர் தற்செயலாக அந்நகருக்குள் நுழைந்துவிட்டார். கஃபுல் அஹ்பார் அவரது அங்க அடையாளங்களைச் சொல்லி அதை உறுதிப்படுத்தினார். ஆயிரத்தொரு இரவுகளிலும் இக்கதை இடம்பெற்றிருக்கிறது.

நமது பாரம்பரியத்தில் இதற்கு விமர்சனமும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தங்கச் செங்கற் கதைகளை இப்னு கஸீர் தமது தப்ஸீரில் இஸ்ராயீலிய்யாத் என்று ஒதுக்கினார். 1377 இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் கடுமையானவர். ஏடன் பாலைவனங்கள் வழியாகக் காலங்காலமாக வணிகக் கூட்டங்கள் போய்வருகின்றன, அவற்றின் மூலைமுடுக்கெல்லாம் வழிகாட்டிகளுக்குத் தெரியும், அப்படியிருக்க இப்படியொரு நகரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லையே என்று கேட்கிறார். சூனியக்காரர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்று சிலர் சமாளிப்பதையும் தள்ளிவிடுகிறார். ஓர் அடைமொழியின் இலக்கணத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டதிலிருந்து பிறந்த நகரம் இது என்பது அவரது கட்சி. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு காழி செய்த வேலை இது!

மேற்கத்தையரின் ஆர்வம் மிகப் பிந்தியது. 1930–31 இல் ரூபுல் காலியைக் கடந்த பெர்ட்ரம் தொமஸுக்கு, 'உபார்' செல்லும் பாதை இதுதான் என்று பதவி வழிகாட்டிகள் மணலில் ஒரு தடத்தைக் காட்டினார்கள். 1932 இல் பில்பி அதேபோன்ற ஒரு நகரைத் தேடிப் போய் விண்கல் விழுந்த பள்ளங்களைக் கண்டார். 1992 இல் ஓமானின் ஷிஸ்ரில், விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட படங்களின் துணையோடு உபாரைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. அங்கிருந்தது ஒரு கிணற்றடியைச் சுற்றிய சிறு கோட்டை. அதன் ஒரு பகுதி நிலம் உள்வாங்கிச் சரிந்திருந்தது. உபார் என்பது ஒரு நகரின் பெயரல்ல, ஒரு பிரதேசத்தின் பெயர் என்று அகழ்வாய்வாளர் யூரிஸ் ஸாரின்ஸே பின்னர் விளக்கினார். ஆனால், விளையாட்டு எடுத்துக்கொண்டது அந்தச் சரிந்த நிலத்தைத்தான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். பாலைவனப் பகுதி உண்மையிலேயே நல்ல வேலை என்பதைச் சொல்லியாக வேண்டும். விமான விபத்தில் தப்பிய கதாநாயகன் நீரின்றி இரவும் பகலும் நடக்கிறான். சுடுவதற்கு எதிரி இல்லை. எடுப்பதற்குப் பொருள் இல்லை. விளையாடுபவன் பொத்தானை அழுத்தி நடந்துகொண்டே இருக்க வேண்டும். கிணற்றைக் கண்டு ஓடுகிறான், அது வற்றிக் கிடக்கிறது. மணல் சறுக்கும் விதம், கால் புதையும் விதம், கானல் நடுங்கும் விதம் எல்லாவற்றிலும் நுணுக்கமான அவதானம் இருக்கிறது. நமது சிறுகதைகளில் இவ்வளவு பொறுமையாக ஒரு நிலத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

நகரத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. தூண்கள் இருக்கின்றன, நீரூற்றுகள் இருக்கின்றன, வானளாவிய வாயில் இருக்கிறது. இந்நகர் ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு விளையாட்டு தரும் விடை, நபி சுலைமான் (அலை) தீய ஜின்களைப் பித்தளைப் பாத்திரமொன்றில் அடைத்து நகரின் அடியாழத்தில் எறிந்தார் என்பதாகும். அதனால் நகரின் நீரே கெட்டுப்போனதாம். அந்த நீரைக் குடிக்கும் கதாநாயகனுக்குத் தலையில் நெருப்பெரியும் உருவங்கள் தோன்றுகின்றன. பின்னர் அவை நீர் ஏற்படுத்திய மனமயக்கம் என்று தெளிகிறான். ஜின்னும் நம்பத்தக்கதாக இல்லை, மயக்கமும் நம்பத்தக்கதாக இல்லை. கதாசிரியர் இரண்டு படகில் கால் வைத்திருக்கிறார்.

குர்ஆனில் ஆத் கூட்டத்தாருக்கு வந்தது காற்று. ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசிய காற்று (69:6–7). அதற்கு முன்னர் வந்தவர் நபி ஹூத் (அலை). மேடுகள்தோறும் வீணாக நினைவுச் சின்னங்கள் எழுப்புவதையும், என்றும் வாழப்போகிறவர்களைப்போல் கோட்டைகள் கட்டுவதையும், பிறரைப் பிடிக்கும்போது கொடுங்கோலராய்ப் பிடிப்பதையும் அவர் கண்டித்தார் (26:128–130). இரம் என்ற பெயரை ஓர் எச்சரிக்கையாக்குவது கட்டடம் அல்ல, அந்த மனிதரின் பேச்சு. விளையாட்டில் அவர் இல்லை. அவருடைய இடம் காலியாகவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. நகரின் ஆபத்தை உணர்ந்து, அது தன் மகாராணியின் கைக்குப் போய்ச் சேராதபடி மறைத்துவிட்டுத் திரும்பிய நல்லவராக அங்கே பிரான்சிஸ் டிரேக் நிற்கிறார். 1560களில் ஹோக்கின்ஸின் கப்பல்களில் ஆபிரிக்க மக்களைப் பிடித்து விற்கும் பயணங்களில் பங்குகொண்ட அதே டிரேக்! நபியொருவர் நின்ற இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள். இது தெரிந்து செய்ததாக நான் நினைக்கவில்லை. எச்சரிப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். கையில் கிடைத்தவரைப் போட்டார்கள். தெரியாமல் செய்வதில்தான் ஒரு நாகரிகத்தின் பழக்கம் வெளிப்படுகிறது.

பித்தளைப் பாத்திரம் ஆயிரத்தொரு இரவுகளின் இன்னொரு கதையான பித்தளை நகரத்திலிருந்து வந்தது. அதில் கலீபா அப்துல் மலிக்கின் கட்டளைப்படி மூஸா இப்னு நுஸைர், சுலைமான் நபியின் பாத்திரங்களைத் தேடிப் புறப்படுகிறார். அவர் காண்பது இறந்தவர்கள் நிறைந்த நகரம். வழிநெடுகிலும் வாசகங்கள் பொறித்த பலகைகள். ஒவ்வொன்றையும் வாசிக்கக் கேட்டு மூஸா அழுகிறார். இறந்த அரசியின் நகைகளில் கைவைத்தவன் அவ்விடத்திலேயே வெட்டுண்டு வீழ்கிறான். கேளிக்கைக்காகக் கடைத்தெருவில் சொல்லப்பட்ட கதைதான் அதுவும். ஆயினும் இறந்தவர்களின் குரலை அது நீக்கவில்லை. அன்சார்ட்டட் பாத்திரத்தை எடுத்தது, பலகைகளை விட்டுவிட்டது.

இங்கே ஒரு நண்பர் கேட்கக்கூடும்: உமறுப் புலவர் மட்டும் அரபு நாட்டை அப்படியே பாடினாரா என்று. நியாயமான கேள்வி. சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. மக்காவைக் கண்டவர் எவரும் அந்த நெல்வயலைக் கண்டதில்லை. ஆனால் உமறு தம்மிடம் இருந்த செழிப்பையெல்லாம் கொண்டுபோய் அந்நிலத்துக்குக் கொடுத்தார். உழுபவரும் நாற்று நடுபவரும் இருக்கின்றனர். அது கொடுத்த கற்பனை. விளையாட்டின் கற்பனை எடுக்கின்ற கற்பனை. அதன் இரமில் ஓர் அடுப்படி கிடையாது, குழந்தையின் மிதியடி கிடையாது, ஒரு கபுறு கிடையாது. சலீம் என்ற பதவித் தலைவர் கதாநாயகனைச் சாவிலிருந்து மீட்கிறார், குதிரை கொடுக்கிறார், பக்கத்தில் நின்று போரிடுகிறார். கண்ணியமாகவே வரையப்பட்ட பாத்திரம். இருந்தும் மணற்புயலில் அவர் பிரிந்துபோக, நகரின் வாயிலைத் தாண்டுபவர்கள் அந்நியர்கள் மட்டுமே. அந்த நிலத்தின் மகன் அதன் பழங்கதைக்குள் காலடி வைப்பதில்லை.

ரூபுல் காலி என்றால் 'வெறுமையான காற்பகுதி'. அங்கே ஒட்டகம் மேய்ப்பவர்கள் எக்காலமும் இருந்தார்கள். வெறுமை என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். புத்தளம் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான். முசலிப் பகுதியில் அவர்கள் விட்டுவந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களைக் காடு மூடியது. திரும்பிப்போய்க் காணியைத் துப்புரவாக்கியபோது, வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று நாட்டின் ஊடகங்களில் பெயர் வாங்கினார்கள். பள்ளிவாசல் சுவரும் கிணறும் நிற்கின்ற இடம், இருபது வருடத்தில் யாருமில்லாத காடாகிவிடுகிறது. ஆளில்லாத பழைய நகரம் என்ற அழகிய காட்சியைத் திரையில் காணும்போதெல்லாம் எனக்கு முதலில் எழுவது, இங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விதான். விளையாட்டில் அந்தக் கேள்வியை ஒரு பாத்திரமும் மனம்வைத்துக் கேட்கவில்லை.

நமது கரையில் தொலைந்த நகரங்களுக்குப் பஞ்சமில்லை. புத்தளத்துக்கு வடக்கே குதிரைமலையில் அல்லி அரசி இருந்து முத்துக்குளிப்பை ஆண்டாள், அவள் நகரைக் கடல் கொண்டுபோயிற்று என்பார்கள். காற்றில் அடிபட்டு வந்த உரோமானியர் ஒருவர் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் கரையேறியதாகப் பிளினி எழுதியதும் இவ்விடத்தைத்தான் என்று கருதுவோர் உண்டு. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. எங்கள் ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். இவற்றைப் பாட்டிமார் சொன்னார்கள், நாம் எழுதவில்லை. இன்னொருவர் எழுதினால் அல்லி அரசியின் கிணற்றிலும் ஒரு பாத்திரத்தைப் போட்டுவிடுவார்.

இப்னு கல்தூன் இரமை மறுத்த அதே முகத்திமாவில் இப்னு பதூதாவைப் பற்றியும் பேசுகிறார். இந்தியாவைப் பற்றி அப்பயணி சொன்னவற்றை பாஸ் நகரத்தார் பொய் என்றனர். இப்னு கல்தூனுக்கும் ஐயம்தான். அப்போது பாரிஸ் இப்னு வத்ரார் என்ற வஸீர், தான் காணவில்லை என்பதற்காக ஒன்றை மறுத்துவிடாதே என்றார். சிறையிலேயே வளர்ந்ததால் எலியைத் தவிர வேறு விலங்கு கண்டிராத ஒரு பிள்ளை, ஆட்டையும் எலியின் ஓர் இனம் என்று நினைத்த கதையையும் எடுத்துச் சொன்னார். கேட்கும் கதை ஒன்றை எங்கே நிறுத்துவது, எங்கே நம்புவது என்பதற்கு நமக்கு வேறு பாடநூல் தேவையில்லை.

அந்த இப்னு பதூதா 1344 இல் புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டினான். பாவாத மலைக்குப் போகப் பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தான். வழியில் மன்னார் மண்டலி என்ற ஊரில் எருமைக் கன்றுகளை அறுத்து விருந்து வைத்தார்கள். அங்கே நோயுற்றுத் தங்கிவிட்டிருந்த குராசான் தேசத்து முஸ்லிம் ஒருவர் இவர்களோடு சேர்ந்துகொண்டார். அடுத்துப் போய்ச் சேர்ந்தது பந்தர் சலாவத் என்ற சிறிய பட்டினம். ஆய்வாளர்கள் அதைச் சிலாபம் என்கிறார்கள். இந்தப் பகுதியை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் குராசான்காரர் பிறகு ஊருக்குத் திரும்பினாரா என்று கேட்டான்.