ஊழியும் வெள்ளமும்

சூரியநெல்லியில் பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு வெள்ளம் என்றால் குடிக்கும் நீர். மலையாளத்தில் அச்சொல்லின் பொருள் அதுவே. நம் வீட்டுத் தமிழிலோ அது கரை மீறும் பெருக்கு. அதே சொல் முன்னர் ஒரு பேரெண்ணாகவும் கால அளவாகவும் வழங்கியதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இலர்.

பதிற்றுப்பத்தின் தொண்ணூறாம் பாடலில் பெருங்குன்றூர் கிழார், சேரன் இளஞ்சேரல் இரும்பொறையை வாழ்த்துகிறார். அவன் நாள் திங்களாக நீள்க, திங்கள் ஆண்டாகுக, ஆண்டு ஊழியாகுக, ஊழிகள் வெள்ளம் என்னும் எண்ணை எட்டுக என்பது அவ்வாழ்த்தின் கருத்து. இதனை வெறும் புனைந்துரை என்று தள்ளுவாரோடு நாம் உடன்படோம். புலவர் ஊழிக்குத் தாவவில்லை. ஒரே ஒரு நாளிலிருந்து படிப்படியாக ஏறுகிறார். இன்று மேடையேறி ஊழியூழிக் காலம் வாழ்கவென முழங்குவோர் விட்டுவிடுவது அந்த முதற்படியைத்தான். (விழா தொடங்கவே தாமதமாகும்போது அவர்க்கு நேரம் ஏது?)

பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் கழிந்த காலத்தைப் பின்னோக்கி எண்ணுகிறார். நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என அவர் ஆளும் எண்ணுப்பெயர் அனைத்தும் நீரைச் சார்ந்தவை. நிலம் நீருள் மூழ்கிக் கிடந்ததையும் அப்பாடலே பேசுகிறது. அளவும் அழிவும் அங்கே அருகருகே நிற்கின்றன.

இக்காலத்தார் ஊழியை அழிவுக்கே உரியதாக்கிவிட்டனர் என்று குறைகூற எண்ணியிருந்தோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைச் சிலர் ஊழிப்பேரலை என எழுதியபோது அவ்வாறே குறைகூறவும் செய்தோம். ஆனால் 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களைப் புதைத்து 70 உயிர்களைக் கொண்டபின், அக்குறையைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. பணி ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய மக்களுக்குக் கிழாரின் முதற்படியே எட்டாத உயரம்.

1924 பெருமழையில் மூணாறு சீரழிந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் இரயில்பாதையும் அழிந்தது. நம் சிறுவயதில் மலையிலிருந்த முதியோர் பிறப்பையும் மணத்தையும் 'வெள்ளத்துக்கு முந்தி', 'வெள்ளத்துக்குப் பிந்தி' என்றே எண்ணுவர். பரிபாடலின் பெயரும் அறியாத அவர்கள் வாயில் வெள்ளம் மீண்டும் கால அளவாகியிருந்தது.